விலை ஏறிய பிறகு வீட்டுச் சாமான்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பணவீக்கம் இறங்கிவிட்டது என்று செய்தியில் சொல்கிறார்கள். திருகோணமலைச் சந்தையில் எதுவும் பழைய விலைக்கு வரவில்லையே, ஏன்? (உப்புவெளி வாசகி)

அந்தக் கணக்கு விலை எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதைத்தான் சொல்லும். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி ஒரே வருடத்தில் விலைகள் ஏறத்தாழ 70 சதவீதம் ஏறியிருந்தன, சாப்பாட்டுச் சாமான்களை மட்டும் எடுத்தால் 95 சதவீதத்துக்குக் கிட்ட. அடுத்த வருடம் அதே மாதத்தில் ஏற்றம் 2 சதவீதத்துக்கும் கீழே வந்தது. அதாவது 2021இல் 100 ரூபாய்க்கு வாங்கிய சாமான் 2022இல் 170 ரூபாய், 2023இல் 172 ரூபாய் என்று வையுங்கள். ஏற்றம் நின்றது, ஏறினது ஏறினதாகவே இருக்கிறது. இதற்கு மேல் பெறுமதி சேர் வரி 2022இல் 8 சதவீதத்திலிருந்து 12, பிறகு 15 என்று போய் 2024 ஜனவரியில் 18 ஆனது. கூலிக்குப் போகிறவருக்கும் மாதச் சம்பளக்காரருக்கும் வருமானம் அந்த வேகத்தில் ஏறவில்லை, உங்கள் கை உணர்வது அந்த இடைவெளியைத்தான். எனவே பழைய விலை திரும்பும் என்று காத்திருந்து செலவைத் திட்டமிடாதீர்கள், இன்றைய விலைதான் கணக்கு.

கேள்வி: சீனன்குடாவிலேயே மா ஆலை இருக்கிறது. எங்களுக்கு மட்டுமாவது கோதுமை மா மலிவாகக் கிடைக்கக் கூடாதா?

நியாயமான ஆதங்கம். பிறீமா ஆலை 1980இலிருந்து அங்கே ஓடுகிறது. ஆனால் அரைப்பதுதான் இங்கே, கோதுமை கப்பலில் வருகிறது, அதற்கு டொலர்தான் கொடுக்க வேண்டும். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயை ஒட்டி நின்ற டொலர் மே மாதத்துக்குள் 360 ரூபாயைத் தாண்டியது, அதே நேரம் உக்ரேன் போரால் உலகச் சந்தையிலும் கோதுமை விலை எகிறியது. ஆலை பக்கத்தில் இருப்பதால் மிஞ்சுவது லொறிக் கூலியில் கொஞ்சம் மட்டும்தான்.

பாணையும் ரொட்டியையும் குறைத்துச் சோற்றுக்குத் திரும்பிய வீடுகள் பல. நெல் விளைகிற தம்பலகாமமும் கந்தளாயும் பக்கத்தில் இருக்கிற எங்களுக்கு அது சரியான திருப்பம் என்றே நினைக்கிறேன். அரிசியும் அப்போது தப்பவில்லைதான், 2021இல் இரசாயன உரத்தை நிறுத்தியதில் விளைச்சல் விழுந்தது. ஆனாலும் பெரும்போக அறுவடை முடிகிற பெப்ரவரி, மார்ச்சில் கமக்காரரிடம் நேரடியாக நெல்லாக வாங்கிக் குத்துவிக்க முடிந்தால் கடை அரிசியோடு விலையை ஒப்பிட்டுப் பாருங்கள், குத்துகூலியையும் ஓட்டோக் கூலியையும் சேர்த்துத்தான்.

கேள்வி: முந்தி மாதச் சாமான் மொத்தமாக எடுப்போம். இப்போது அன்றாடம் சின்னப் பக்கற்றாகத்தான் வாங்குகிறோம், மிச்சம் கடைக் கொப்பியில் கடனாக. செலவு குறைந்த மாதிரி இருக்கிறது, ஆனால் காசு முந்தியை விட வேகமாக முடிகிறது. எங்கே பிழைக்கிறது? (கிண்ணியா)

இந்தக் கேள்விதான் எனக்கு அதிகம் வருகிறது, விலை ஏற்றம் எங்கள் வாங்கும் பழக்கத்தை மாற்றியது எங்கே என்று கேட்டால் இங்கேதான். ஒரு கிலோ தேயிலை 2,000 ரூபாய் என்றும் அதே தேயிலை 50 கிராம் பக்கற் 120 ரூபாய் என்றும் ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். 120 ரூபாய் கையைச் சுடாது, ஆனால் இருபது பக்கற் சேர்ந்து ஒரு கிலோ ஆகும்போது 2,400 ரூபாய் போயிருக்கும். தேயிலை, சவர்க்காரம், தூள் வகை எல்லாவற்றிலும் இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் மாத முடிவில் ஒரு நல்ல தொகை. இதை உங்கள் ஊதாரித்தனம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அன்றாடம் உழைத்து அன்றாடம் காசு வருகிற வீட்டில் ஒரு கிலோவுக்கு ஒரேயடியாகக் காசு எடுக்க முடியாது, அதுதான் உண்மை, கையில் காசு குறைந்தவர் கிலோவுக்குக் கூடுதல் விலை கொடுக்கிற அநியாயம் இது.

என்ன செய்யலாம்? எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் மாற்றப் பார்க்காதீர்கள். பழுதாகாத ஒரு சாமானை மட்டும் எடுங்கள், சவர்க்காரத்தூள் என்று வைப்போம், இந்த மாதம் அதைப் பெரிய பக்கற்றாக வாங்குங்கள், அதில் மிஞ்சுகிற காசை அடுத்த மாதம் இன்னொன்றுக்குப் போடுங்கள். இல்லையென்றால் அக்கா, மச்சாள், பக்கத்து வீடு என்று இரண்டு குடும்பம் சேர்ந்து வாங்கிப் பிரிக்கலாம். ஆனால் பெரியது எப்போதும் மலிவு என்றும் நம்பாதீர்கள், விலையைக் கிராமால் பிரித்துப் பார்த்துவிட்டு எடுங்கள், தொலைபேசியில் ஒரு நிமிட வேலை. சீனி, பால்மா மாதிரிச் சாமான் வீட்டில் நிறைய இருந்தால் கையும் தாராளமாகப் போகும், அதற்குச் சின்னதே சிலருக்கு நல்லது.

அப்புறம் கொப்பி. கடைக்காரர் தெரிந்தவர், கடன் தருவது உதவிதான். ஆனாலும் உங்களிடமும் ஒரு கொப்பி இருக்க வேண்டும், சாமான், நிறை, அன்றைய விலை, திகதி. விலை அடிக்கடி மாறுகிற காலத்தில் வாங்கிய நாள் விலையா, காசு கொடுக்கிற நாள் விலையா என்ற தகராறு இதில்தான் வரும். சாமான் எடுக்கும்போதே இருவரும் எழுதிக்கொண்டால் முகம் முறிக்கத் தேவையில்லை.

கேள்வி: பாண் சின்னதாகிவிட்டது. சோடாவுக்குக் "கூலிங்" என்று போத்தலில் உள்ள விலைக்கு மேல் கேட்கிறார்கள். சட்டம் இருக்கிறதா?

இருக்கிறது. ஒரு முழுப் பாண் 450 கிராம் இருக்க வேண்டும், அரைப் பாண் 225. சின்னக் குறைவுக்குச் சலுகை உண்டு, முழுப் பாணில் அது 13.5 கிராம் வரைதான். குளிரூட்டினாலும் இல்லாவிட்டாலும் குறித்த உச்ச சில்லறை விலைக்கு மேல் வாங்க முடியாது, நிலாவெளிக் கடற்கரைக் கடைக்கும் இதுதான். கேட்டால் பற்றுச்சீட்டு கொடுப்பதும் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி கடமை. முறைப்பாட்டுக்கு அந்த அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கம். பற்றுச்சீட்டு, பக்கற் இரண்டையும் எறியாமல் வையுங்கள், வெறும் வாய்ச்சொல்லை வைத்து அவர்களால் அதிகம் செய்ய முடியாது.

கேள்வி: மாரியில் மீன் வாங்கவே முடிவதில்லை.

நவம்பரிலிருந்து ஜனவரி வரை கடல் கொந்தளிக்கும், படகு இறங்காத நாளில் விலை ஏறத்தான் செய்யும். கடல் அமைதியான மாதங்களில் சூடை, சாளை மலிவாகப் படும்போது வாங்கிக் கருவாடு போடுங்கள். மாரியில் குளத்து மீனையும் பழகிக்கொள்ளலாம்.

கேள்வி: இன்னும் ஏறும் என்கிறார்கள். கடன் பட்டாவது இப்போதே சாமான் வாங்கி வைப்போமா? (மூதூர்)

கடன் பட்டு வேண்டாம், நகையை அடகு வைத்து என்றால் கட்டாயம் வேண்டாம். 10 சதவீதம் ஏறும் என்று பயந்து, அதைவிடக் கூடின வட்டிக்குக் காசு எடுத்தால் நட்டம் உறுதி. மாவும் பருப்பும் எங்கள் ஈரக் காற்றில் வண்டு பிடிக்கும். கையில் காசு இருந்தால் அரிசி மட்டும் இரண்டு மாதத்துக்கு வையுங்கள், இறுக்கமான மூடியுள்ள வாளியில், நிலத்தில் படாமல்.