ப்ரீபெய்டா, போஸ்ட்பெய்டா? செட்டிநாட்டு வாசகர்களுக்குப் பதில்கள்

கேள்வி: போஸ்ட்பெய்டு 399 ரூபாய்தான், ப்ரீபெய்டும் கிட்டத்தட்ட அதே விலைதான் என்கிறார்கள். எது லாபம்? (காரைக்குடி ஜவுளிக்கடைக்காரர்)

பதில்: போர்டில் போட்டிருக்கும் விலையை வைத்து முடிவு பண்ணாதீர்கள். ப்ரீபெய்டு விலையில் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்தே இருக்கும், போஸ்ட்பெய்டில் பில் போடும்போதுதான் ஏறும். 399 என்பது 470 ரூபாய் 82 காசாக வந்து நிற்கும். ப்ரீபெய்டிலும் ஒரு சூட்சுமம் உண்டு. 28 நாள் பேக் என்றால் வருஷத்துக்கு 13 ரீசார்ஜ். உதாரணத்துக்கு 349 ரூபாய் பேக்கை 13 தடவை போட்டால் 4,537 ரூபாய். அந்த போஸ்ட்பெய்டுக்கு 12 மாதத்தில் சுமார் 5,650. சொந்த உபயோகத்துக்கு ப்ரீபெய்டே போதும்.

ஆனால் நீங்கள் கடை வைத்திருப்பவர். கடை பெயரில், உங்கள் ஜி.எஸ்.டி. எண்ணோடு போஸ்ட்பெய்டு பில் வாங்கினால், வியாபாரத்துக்குப் பேசும் போனுக்குக் கட்டிய வரியை இன்புட்டாக எடுத்துக்கொள்ளலாம், அதாவது நீங்கள் கட்ட வேண்டிய ஜி.எஸ்.டி.யில் கழித்துக்கொள்ளலாம். சிறு வியாபாரிகள் விற்றுமுதலில் ஒரு சதவீதக் கணக்காக வரி கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருந்தால் அதற்கு வழியில்லை. உங்கள் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கேள்வி: எங்கள் அப்பத்தாவிடம் இருப்பது பட்டன் போன். நெட்டே வேண்டாம். மாதாமாதம் தண்டமா? (தேவகோட்டை)

பதில்: தண்டம்தான். நெட் இல்லாமல் பேச்சும் எஸ்.எம்.எஸ்.ஸும் மட்டும் உள்ள பேக் கட்டாயம் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதி கொண்டுவந்தது. 365 நாள் வரை வேலிடிட்டி தரலாம். கடைக்காரர் தானாக எடுத்துச் சொல்வார் என்று காத்திருக்காமல் ‘வாய்ஸ் மட்டும்’ என்று கேளுங்கள். அப்பத்தாவுக்கு போஸ்ட்பெய்டு பேச்சே வேண்டாம்.

கேள்வி: முகப்பில் டவர் இருக்கிறது, இரண்டாம் கட்டுக்குள் போனால் போய்விடுகிறது. போஸ்ட்பெய்டுக்கு மாறினால் சரியாகுமா? (கானாடுகாத்தான்)

பதில்: ஆகாது. இரண்டுக்கும் ஒரே டவர்தான். உங்கள் வீட்டுச் சுவரின் கனம் அப்படி. சிக்னல் தெருவோடு நின்றுவிடுகிறது. வீட்டில் பிராட்பேண்ட் இருந்தால் போன் செட்டிங்கில் வைஃபை காலிங்கை ஆன் செய்யுங்கள். நிறுவனமும் போனும் அதற்கு இடம் கொடுத்தால் போதும், வளவுக்குள் எங்கே உட்கார்ந்தும் பேசலாம். ஆனால் ரவுட்டரை முகப்பில் வைத்தால் அதே சுவர் வைஃபையையும் தடுக்கும்; வளவுப் பக்கம் தள்ளி வையுங்கள். அதற்கும் சரிவரவில்லை என்றால் வேறு கம்பெனி சிம் இருக்கும் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, இரண்டாம் கட்டில் நின்று பேசிப் பார்க்கச் சொல்லுங்கள். எந்த கவரேஜ் மேப்பையும்விட அது நம்பகம்.

கேள்வி: மகன் கோலாலம்பூரில். பேங்க் ஓ.டி.பி.க்காக ஊர் நம்பர் வேண்டும். (பள்ளத்தூர்)

பதில்: நீண்ட வேலிடிட்டி ப்ரீபெய்டு. கிளம்பும் முன் இன்டர்நேஷனல் ரோமிங் ஆன் ஆகியிருக்கிறதா, டேட்டா ரோமிங் ஆஃப் ஆகியிருக்கிறதா, இரண்டையும் பாருங்கள். போஸ்ட்பெய்டில் டேட்டா ரோமிங் தெரியாமல் ஓடினால் பில்லைப் பார்த்துத் தலை சுற்றும். ரீசார்ஜை நீங்கள் இங்கிருந்தே யு.பி.ஐ.யில் போட்டுவிடலாம், ஆனால் தேதி உங்கள் காலண்டரில் இருக்கட்டும். சிம் கட்டாகிவிட்டால் அந்த நம்பர் பிற்பாடு வேறொருவர் கைக்குப் போய்விடும்.

கேள்வி: நம்பரை மாற்றாமல் கம்பெனி மாற? (கோட்டையூர்)

பதில்: PORT என்று டைப் செய்து, இடம் விட்டு உங்கள் நம்பரைச் சேர்த்து 1900க்கு அனுப்புங்கள். பதிலுக்கு வரும் போர்ட்டிங் கோடு (புது கம்பெனியிடம் கொடுக்க வேண்டிய குறியீடு) 4 நாள்தான் செல்லும். போஸ்ட்பெய்டு என்றால் பாக்கியைக் கட்டிவிட்டு அனுப்புங்கள். ப்ரீபெய்டு என்றால் பேக் முடியும் தறுவாயில் மாறுங்கள். மிச்ச பேலன்ஸ் புது கம்பெனிக்கு வராது.