கணக்குக் கொப்பியோடு மகள் வரும் நேரம்

கேள்வி: வயது 39. உப்புவெளியில் மனைவி, பத்து வயது மகளுடன் இருக்கிறேன். வேலை முடிந்து வந்தால் இரவு ஒரு மணி வரை ஃபோனில் யூடியூப், ஃபேஸ்புக். மூன்று தரம் எல்லாவற்றையும் அழித்தேன்; இரண்டு நாள்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. மகள் கணக்குக் கேட்டு வந்தால்கூட "அம்மாவிடம் கேள்" என்று விறாந்தைக்குப் போய்விடுகிறேன். சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் சித்தியடையாதவன் நான். இது நோயா? எந்தச் செயலி போட்டால் நிற்கும்?

பதில்: தம்பி, செயலியை விடுங்கள். போகிற போக்கில் மகளின் கணக்கைப் பற்றி ஒரு வரி எழுதினீர்களே, அதைப் பேசுவோம்.

கொப்பியைக் கண்டதும் உள்ளே ஒரு குரல்: "உனக்கு ஒன்றும் தெரியாது, பிள்ளை முன்னால் வெட்கப்படப் போகிறாய்." அது காதில் விழாமல் இருக்கத்தான் விரல் திரையைத் தள்ளுகிறது. சிறுவயதில் வேரோடிய இப்படியான எண்ணங்களை உளவியலாளர் ஜெஃப்ரி யங் 'ஸ்கீமா' என்று 18 வகையாகப் பிரித்தார். 'என்னில் குறை இருக்கிறது' என்ற வெட்கம் அதில் ஒன்று. அதைக் கிளறினால் சிலர் அடங்கிப்போவார்கள், சிலர் வீம்பு காட்டுவார்கள், சிலர் ஓடுவார்கள். நீங்கள் விறாந்தைக்கு ஓடுகிறீர்கள். அழித்தது செயலியை, குரல் அப்படியே கிடக்கிறது.

நோயா என்றால், உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் கேம் விளையாட்டுக் கோளாறு உண்டு. இணையப் பழக்கம் தனி நோயாக இல்லை. அது உங்களுக்குச் சாட்டாக வேண்டாம். கொப்பியை நீட்டிக்கொண்டு நிற்கிற பிள்ளைக்குள் "அப்பாவுக்கு நான் வேண்டாதவள்" என்று இன்னொரு வேர் இறங்குகிறது. ஒரு தகப்பன் செய்யக்கூடிய வேலையா இது?

நாற்பது பக்கக் கொப்பி ஒன்று வாங்குங்கள். ஃபோனைத் தொடுமுன் மூன்று விஷயம் எழுதுங்கள்: நேரம், சற்றுமுன் என்ன நடந்தது, மனதில் ஓடிய வசனம். பலர் நேரத்தை மட்டும் குறித்துவிட்டு இரண்டாம் நாள் கைவிடுவார்கள், வசனம்தான் முக்கியம். ஏழு நாளில் ஒரே வசனம் திரும்பத் திரும்ப வரும். அதற்குக் கீழே அதை மறுக்கும் உண்மை ஒன்றை எழுதுங்கள்: "வீட்டுச் செலவுக் கணக்கை நான்தான் பார்க்கிறேன்" என்பதுபோல. ஒன்பது மணிக்கு ஃபோனைக் குசினியில் சார்ஜில் போடுங்கள். எழும்ப அலாரம் வேண்டுமென்றால் மணிக்கூடு வாங்குங்கள். அந்தச் சாட்டில்தான் ஃபோன் திரும்பப் படுக்கைக்கு வரும்.

மகளிடம் "எனக்கும் தெரியாது, சேர்ந்து பார்ப்பம்" என்று சொல்லி அரை மணி நேரம் இருங்கள். முதல் சில இரவுகள் எரிச்சல் வரும், கை ஃபோனைத் தேடும். எழும்பாதீர்கள், அது தணியும். ஒரு மாதமாகியும் முடியாவிட்டால் திருகோணமலை வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு அந்தக் கொப்பியோடு போங்கள். நடு இரவில் தாங்க முடியாவிட்டால் மனநல உதவித் தொலைபேசி இலக்கமான 1926க்கு அழையுங்கள்.