ஊர்ப் பயணம்: உங்கள் கேள்விகளும் பதில்களும்

பொங்கல் நெருங்குகிறது. காரில் ஊருக்குப் போவது பற்றித்தான் இந்த முறை கேள்விகள் அதிகம் வந்தன, அதனால் அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கே: பெங்களூரில் வேலை, சொந்த ஊர் அம்பாசமுத்திரம். பள்ளிக்கூடத்திலிருந்தே கூட இருக்கும் நண்பன் ஒருவன், அவனுக்குக் கடையம். பொங்கலுக்குப் பொங்கல் ராத்திரி கிளம்பி சேலம், மதுரை வழியாக விடியும்போது ஊரில் இருப்போம். அவன் பிப்ரவரியில் வேலைக்காகக் கனடா போகிறான். இந்தத் தடவை லீவு கொஞ்சம் கூடுதலாகக் கிடைத்திருக்கிறது, மலைப் பாதையாகப் பார்த்துப் போக ஆசை. எந்த வழி, எத்தனை நாள்?
வாசகர், பெங்களூரு

ப: மூன்று பகல். அதற்குக் குறைவாக வேண்டாம். நீங்கள் வழக்கமாகப் போகிற வழியில் திருநெல்வேலிக்குச் சுமார் 600 கி.மீ., நான் சொல்லப்போகிற வழி 800 கி.மீ.யைத் தாண்டும். இருநூறு தானே கூட என்று தோன்றும், ஆனால் இதில் மூன்றில் ஒரு பங்கு காடும் மலையும், பல இடங்களில் மணிக்கு 30 கி.மீ. போனாலே நல்ல வேகம். அப்புறம் முக்கியமான விஷயம், மூன்று நாளும் பகலில் மட்டும் ஓட்டுங்கள். இருட்டில் ஓட்டுவதென்றால் இந்த வழியில் போவதற்கே அர்த்தமில்லை, பழைய வழியிலேயே போய்விடலாம்.

முதல் நாள் விடியற்காலை ஐந்துக்குக் கிளம்பினால் மைசூரு, நஞ்சன்கூடு தாண்டி குண்டல்பேட்டையில் காலை டிபன். அங்கேயே பெட்ரோல் போட்டுக்கொள்ளுங்கள், காட்டுக்குள் பங்க் கிடையாது. பந்திப்பூர் காடு ராத்திரி 9 முதல் காலை 6 வரை வண்டிகளுக்கு மூடியிருக்கும், 2009இலிருந்து அப்படித்தான். தை மாதத்தில் மரங்கள் இலை உதிர்த்துக் காடு வெளிச்சமாகிவிடுவதால் ரொம்ப தூரம் உள்ளே பார்க்க முடியும், புள்ளிமான் கூட்டம் அநேகமாகக் கண்ணில் படும், யானையும் காட்டுமாடும் உங்கள் அதிர்ஷ்டம். கக்கநல்லா சோதனைச்சாவடி வந்தால் தமிழ்நாடு, அதற்கப்புறம் முதுமலை. தெப்பக்காட்டிலிருந்து கூடலூர் போய் நடுவட்டம், பைக்காரா வழியாக ஊட்டிக்கு ஏறுங்கள். கூடலூருக்கு மேலே ஏற ஏற, கீழே விட்டுவிட்டு வந்த முதுமலைக் காடு ஒரே விரிப்பாகத் தெரியும். ஊசிமலைக் காட்சிமுனையில் இறங்கிப் பார்க்காமல் போகாதீர்கள். ராத்திரி ஊட்டியிலேயே தங்கலாம், இன்னும் அமைதி வேண்டுமென்றால் கோத்தகிரி வரை போய்விடுங்கள். ஜனவரியில் அங்கே உறைபனி இறங்கும், ஸ்வெட்டர் கையில் இருக்கட்டும்.

இரண்டாம் நாள் கோத்தகிரி வழியாக மேட்டுப்பாளையம் இறங்கி, கோவை, பொள்ளாச்சி, உடுமலை. கோவை நெரிசலைத் தாண்டும் வரை இதில் ரசிக்க ஒன்றுமில்லை, சீக்கிரம் கடந்துவிடுங்கள். பொள்ளாச்சியிலிருந்து தென்னந்தோப்பு, தெற்கே ஆனைமலை. உடுமலையில் சாப்பிட்டுவிட்டு மூணாறு சாலையில் திரும்பினால் ஆனைமலை புலிகள் காப்பகம், அதைத் தாண்டி கேரளத்தின் சின்னாறு சரணாலயம். கேரளம் என்றதும் பச்சை பசேல் என்று நினைத்துக்கொண்டு போகிறவர்களுக்குச் சின்னாறு ஆச்சரியம், அது மழைமறைவுப் பகுதி, முள்ளும் புதருமான வறண்ட காடு. இந்தக் காட்டை மாலை வெயில் இருக்கும்போதே தாண்டி மறையூரில் தங்குங்கள். மறையூரில் இயற்கையாக வளர்ந்த சந்தனக்காடு இருக்கிறது, பாறை மேல் கற்பலகைகளால் கட்டிய பழைய முனியறைகள் இருக்கின்றன, வெல்லம் காய்ச்சும் ஆலைகளும் உண்டு. கரும்புச் சாறு கொப்பரையில் கொதித்துப் பொன்னிறமாகத் திரண்டு வர, அதை மரத்தொட்டியில் கொட்டி ஆறவைத்துக் கையாலேயே உருட்டுவார்கள். சூடு அடங்காத உருண்டையாகப் பார்த்து இரண்டு கிலோ வாங்கிக்கொள்ளுங்கள், வீட்டுப் பொங்கலுக்கு ஆகும்.

மூன்றாம் நாள்தான் எனக்கு மிகவும் பிடித்தது. மறையூரை ஆறு மணிக்கு விட்டால் தேயிலைச் சரிவுகளில் வெயில் விழும் நேரத்துக்கு மூணாறு. அங்கிருந்து கொச்சி - தனுஷ்கோடி தேசிய நெடுஞ்சாலையில் தேவிகுளம், கேப் ரோடு, பூப்பாறை, போடிமெட்டு. கேப் ரோடு மலையைக் குடைந்து அகலப்படுத்திய சாலை. ஒரு பக்கம் செங்குத்தான பாறை, மறுபக்கம் பள்ளத்தாக்கு திறந்து கிடக்கும். பூப்பாறைப் பக்கம் மர நிழலில் ஏலத்தோட்டம். போடிமெட்டில் மறுபடி தமிழ்நாடு, 17 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கினால் ஏலக்காய் வணிகத்துக்குப் பேர்போன போடிநாயக்கனூர். மேலே குளிருக்குப் போட்ட ஸ்வெட்டரைப் பாதி மலையிலேயே கழற்றிவிடுவீர்கள்.

அப்புறம் தேனி, ஆண்டிபட்டிக் கணவாய், உசிலம்பட்டி, பேரையூர் வழியாக ஸ்ரீவில்லிபுத்தூர். பால்கோவா வாங்க எப்படியும் நிற்பீர்கள், ஆண்டாள் கோவில் கோபுரத்தையும் அண்ணாந்து பார்த்துவிட்டு வாருங்கள். சின்னாற்றில் இருக்கும் அதே சாம்பல் மலை அணில் இந்த ஊருக்கு மேற்கே உள்ள மலையிலும் இருக்கிறது, அதற்கென்றே இங்கே ஒரு சரணாலயம் உண்டு. இரண்டும் ஒரே மலைத்தொடர்தான் என்பது காலையில் இந்தப் பக்கம் இறங்கி வந்த உங்களுக்கு நன்றாகவே புரியும்.

ராஜபாளையம், சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி. தெற்கே போகும்போது இந்த வழி முழுக்க மலை வலது கை பக்கமாகவே கூட வரும், அதாவது ஓட்டுகிறவர் பக்கம். ரோடும் சமதளம். ராஜபாளையம் தாண்டியதும் சாவியை உங்கள் நண்பரிடம் கொடுத்துவிடுங்கள். வெளிநாடு போகிறவர், அடுத்து எப்போது இந்த மலையோரத்தில் வண்டி ஓட்டுவாரோ. கடையம் பக்கம் பிசானப் போகத்து நெல் வயலில் நிற்கும் நாள் அது, வழியெல்லாம் கரும்புக் கட்டும் மஞ்சள் குலையும் பனங்கிழங்கும் விற்றுக்கொண்டிருப்பார்கள். அவரை வீட்டில் இறக்கிவிட்டு அவர் அம்மா கையால் காபி குடிக்காமல் நீங்கள் அம்பைக்குக் கிளம்ப முடியாது, அந்த அரை மணி நேரத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கே: ஊட்டி வழியாகக் கடந்து போவதற்குக்கூட இ-பாஸ் வேண்டுமா? மசினகுடி வழி குறுக்குவழி என்கிறார்களே, அதில் போகலாமா?
வாசகி, மைசூரு

ப: வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளி வண்டிகளுக்கு இ-பாஸ் நடைமுறை வந்தது. ஒரு நாளைக்கு இத்தனை வண்டி என்ற வரம்பும் சீசனில் வைக்கிறார்கள், விதிகள் அவ்வப்போது மாறுவதால் கிளம்புவதற்கு முன் அரசு இணையதளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். காசு கிடையாது. சிக்னல் இல்லாத காட்டுக்குள் நின்று போனைத் தூக்கிப் பிடிக்காமல் வீட்டிலேயே எடுத்துப் படமாகச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் நீலகிரியில் தடை, சில்வர் பாட்டிலில் நிரப்பிக்கொண்டு போங்கள்.

மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக ஏறுவது தூரம் குறைவு, ஆனால் 36 வளைவுகள், அதுவும் செங்குத்து. மலையில் ஓட்டிப் பழகாதவர்களுக்கு நான் அதைச் சொல்லவே மாட்டேன். மேலிருந்து அந்த வழியாக இறங்குவது இன்னும் மோசம், அங்கே விபத்துகள் நடந்து உயிர்கள் போயிருக்கின்றன. கூடலூர் வழி சுற்று என்றாலும் அகலமானது, பார்ப்பதற்கும் குறைவில்லை.

கே: சமதளத்தில் நன்றாக ஓட்டுவேன், கொண்டை ஊசி வளைவு என்றால்தான் கை நடுங்குகிறது. எதைக் கவனிக்க வேண்டும்?
வாசகர், ஓசூர்

ப: இறங்கும்போதுதான் அதிகக் கவனம் வேண்டும். ஏறுவதற்கு எந்த கியர் போடுவீர்களோ அதே கியரில்தான் இறங்க வேண்டும், பெரும்பாலும் இரண்டாவது. வண்டியை இன்ஜின் பிடித்துக்கொள்ளும், பிரேக்கை விட்டு விட்டு மிதித்தால் போதும். பிரேக்கிலேயே காலை வைத்துக்கொண்டு இறங்கினால் சூடேறி ஒரு கட்டத்தில் மிதித்தும் நிற்காது, கருகல் வாசம் வந்தாலே ஓரமாக நிறுத்தி ஆறவிடுங்கள், தண்ணீர் ஊற்ற வேண்டாம். நியூட்ரலில் உருட்டிக்கொண்டு இறங்குவது பெட்ரோல் மிச்சம் என்று இன்னமும் சிலர் நம்புகிறார்கள், தயவுசெய்து செய்யாதீர்கள். ஆட்டோமேட்டிக் என்றால் எல் அல்லது மேனுவல் நிலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

குறுகலான இடத்தில் ஏறி வரும் வண்டிக்குத்தான் முதல் உரிமை, சட்டமும் அதைத்தான் சொல்கிறது. பஸ் வருவது தெரிந்தால் வளைவுக்கு முன்பே நின்றுவிடுங்கள், அதற்குத் திரும்ப முழு ரோடும் வேண்டும். பின்னால் ஒருவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தால் இடம் பார்த்து ஒதுங்கி அவரைப் போகவிடுங்கள்.

காட்டுக்குள் யானை ரோட்டில் நின்றால் தூரத்திலேயே நிறுத்துங்கள். இன்ஜின் ஓடட்டும், ஹாரன் வேண்டாம், கண்ணாடியை இறக்கி போட்டோ எடுக்க வேண்டாம். அது போகும்போது போகட்டும். குட்டி கூட இருந்தால் இன்னும் தள்ளியே நில்லுங்கள்.

கே: மகனும் அவன் சிநேகிதனும் காரிலேயே வருகிறேன் என்கிறார்கள். ரயிலில் வா என்றால் டிக்கெட் இல்லை என்கிறான். தூக்கமே வரவில்லை. என்ன சொல்லி அனுப்பட்டும்?
ஒரு தாய், கல்லிடைக்குறிச்சி

ப: அம்மா, உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. வராதே என்று சொன்னால் சரி என்று சொல்லிவிட்டு ஆபீஸ் முடிந்த களைப்போடு ராத்திரியே கிளம்பிவிடுவார்கள், அதுதான் ஆபத்து. இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை கண் தானாகச் சொக்கும், எவ்வளவு டீ குடித்தாலும் உடம்பு கேட்காது. நேரான நான்குவழிச் சாலையில் அது இன்னும் சீக்கிரம் வரும். அதனால், "எப்போ வருவே" என்று கேட்பதை விட்டுவிட்டு, "ராத்திரி எங்கே தங்கப் போறே" என்று கேளுங்கள். ஒரு நாள் தாமதமானாலும் பரவாயில்லை என்று நீங்களே முதலில் சொல்லிவிட்டால் அவர்களுக்கு அவசரம் இருக்காது. போகி அன்றைக்கு வந்து சேர்ந்தால் போதாதா?

இன்னொன்று. போன் பண்ணுவதாக இருந்தால் ஓட்டுகிறவருக்குப் பண்ணாதீர்கள், பக்கத்தில் இருக்கும் பிள்ளைக்குப் பண்ணுங்கள். அந்தப் பையனிடமும் பேசி, நண்பன் ஓட்டும்போது நீ தூங்காதே என்று உரிமையோடு சொல்லுங்கள். கூட வருகிறவருக்கு விழித்திருப்பது ஒரு வேலை, கொட்டாவியை முதலில் பார்க்க வேண்டியவர் அவர்தான். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கை மாற்றிக்கொள்வது வழக்கமாகிவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

கே: பொங்கலுக்கு லீவு இல்லை, ஆகஸ்டில்தான் கிடைக்கும். அப்போது இதே வழி சரிப்படுமா?
வாசகர், பெங்களூரு

ப: பாதி வழி அருமையாக இருக்கும், பாதி வழி மழையைப் பொறுத்தது. குண்டல்பேட்டைப் பக்கம் சூரியகாந்தியும் செண்டுப்பூவும் பூத்துக் கிடக்கும், பந்திப்பூர் நல்ல பச்சையில் இருக்கும், கடைசியில் குற்றாலத்தில் சாரலும் அருவியும் இருக்கும். ஆனால் கூடலூரிலும் மூணாற்றிலும் தென்மேற்குப் பருவமழை வலுத்தால் மண்சரிவு சகஜம், கேப் ரோட்டில் பாறை விழுந்து போக்குவரத்தை நிறுத்துவது உண்டு. மழை எச்சரிக்கை இருந்தால் மூணாற்றை விட்டுவிடுங்கள், உடுமலையிலிருந்து பழனி, வத்தலகுண்டு வழியாகத் தேனிக்கு வந்து அங்கிருந்து மேலே சொன்ன வழியில் சேர்ந்துகொள்ளலாம். ஒரு நாள் கூடுதலாக லீவு கேட்டு வையுங்கள்.