பிளேட்லெட் அதிகம், மூளையில் அடைப்பு: கேள்வி பதில்

கேள்வி: அம்மாவுக்கு 62 வயது. எசென்ஷியல் த்ராம்போசைத்தீமியா (எலும்பு மஜ்ஜை பிளேட்லெட்டை அளவுக்கு மீறி உண்டாக்கும் நோய்) என்றார்கள். பிளேட்லெட் (தட்டணு) 7 லட்சம், ஜாக்2 என்ற மரபணு மாற்றம் பாசிட்டிவ். போன வாரம் வலது கை மரத்து, பேச்சு குழறியது. பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டது. காட்ட வேண்டுமா?

பதில்: இன்றைக்கே காட்டுங்கள். அது மினி ஸ்ட்ரோக். மூளைக்குப் போகும் ரத்தம் சிறிது நேரம் தடைபட்டுத் திறந்திருக்கிறது. அறுபதைத் தாண்டிய வயது, ஜாக்2, இப்போது இது, மூன்றும் சேர்ந்தால் ஆபத்து அதிகமுள்ள பிரிவு. பெரும்பாலும் ஆஸ்பிரினோடு, பிளேட்லெட்டைக் குறைக்கும் ஹைட்ராக்சியூரியா மருந்தும் தொடங்குவார்கள். பிரஷர், சர்க்கரையையும் விடாதீர்கள். மறுபடி வாய் கோணினாலோ கை தளர்ந்தாலோ மணியைப் பார்த்துக்கொண்டு 108-ஐ அழையுங்கள். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு.

கேள்வி: என்ன சாப்பிட்டால் பிளேட்லெட் இறங்கும்?

பதில்: இந்த நோயில் சாப்பாட்டால் இறங்காது.

கேள்வி: எனக்கு 14 லட்சம். நானே தினமும் ஆஸ்பிரின் போடுகிறேன். பல் தேய்த்தால் ஈறில் ரத்தம்.

பதில்: இன்றே டாக்டரிடம் பேசுங்கள். 10 லட்சத்தைத் தாண்டும்போது ரத்தம் உறையத் தேவையான வான் வில்லிபிராண்ட் புரதத்தைத் தட்டணுக்களே இழுத்துத் தீர்த்துவிடலாம். அதற்கு மேல் ஆஸ்பிரின் என்றால் கசிவுதான். மூளையிலும் கசியலாம். அந்தப் புரதத்தைப் பரிசோதிக்காமல் தானாக ஆஸ்பிரின் வேண்டாம்.

கேள்வி: அதெப்படி? அணு கூடினால் அடைப்புதானே கூட வேண்டும்?

பதில்: இங்கே எல்லோரும் இடறுவது இதில்தான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கேல்ஆர் என்ற இன்னொரு மரபணுவில் மாற்றம் உள்ளவர்களுக்கு எண்ணிக்கை பொதுவாக ஜாக்2 உள்ளவர்களைவிட அதிகம், அடைப்போ குறைவு. ஜாக்2 இருந்தால் வெள்ளணுக்களும் தூண்டப்பட்டு, ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டி, உறைவுக்கு வழி செய்கின்றன. 6 லட்சத்தில் ஸ்ட்ரோக் வந்தவரும் உண்டு, 15 லட்சத்தில் ஒன்றும் ஆகாதவரும் உண்டு. வயது, முன்பு வந்த அடைப்பு, எந்த மரபணு, இதையெல்லாம் வைத்துத்தான் முடிவெடுக்கிறோம்.

கேள்வி: அப்படியானால் எண்ணிக்கையைக் குறைப்பது வீணா?

பதில்: வீண் என்று நான் சொல்லவே இல்லை. ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு ஹைட்ராக்சியூரியா அடைப்பைக் குறைப்பது 1995-லேயே ஆய்வில் தெரிந்துவிட்டது. எண்ணிக்கையை மட்டும் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், நிம்மதியாக இருந்துவிடவும் வேண்டாம் என்கிறேன்.

கேள்வி: வயது 28, இதே நோய். கருத்தடை மாத்திரை எடுக்கிறேன். ஒரு வாரமாகத் தலைவலி, வாந்தி, பார்வை மங்கல்.

பதில்: உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். மூளையின் சிரைகளில் உறைவு இருக்கலாம். சாதாரண சிடி ஸ்கேனில் தெரியாமல் போகலாம். நோயின் பெயரையும் மாத்திரையையும் சொல்லி, சிரைகளுக்கான எம்ஆர் வெனோகிராம் தேவையா என்று கேளுங்கள். ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை உங்களுக்கு ஆகாது.

கேள்வி: எனக்கு 5 லட்சம். ஸ்ட்ரோக் வருமா?

பதில்: எண்ணிக்கையைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன். முதலில் இரும்புச்சத்தைப் பாருங்கள். அது குறைந்தாலே பிளேட்லெட் ஏறும்.