வடசென்னைக்காரர்கள் வேலைக்கு எப்படிப் போய் வருகிறார்கள் என்று இலவச சென்சஸ் தரவை வைத்து ஆராய முடியுமா?

முடியும். ஆனால் 'வடசென்னை' என்ற பிரிவே சென்சஸில் கிடையாது. அதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

2011 கணக்கெடுப்பின்போது சென்னை மாவட்டம் பழைய எல்லையோடு நின்றது, சுமார் 174 சதுர கிலோமீட்டர். ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி அதற்குள். திருவொற்றியூர், எண்ணூர், மணலி, மாதவரம் எல்லாம் திருவள்ளூர் மாவட்டம். நான் தண்டையார்பேட்டை. எங்கள் தெருவிலிருந்து மணலி கம்பெனிக்கு சைக்கிள் மிதிப்பவர் சென்னைக் கணக்கில் வருவார். அவர் பக்கத்து மிஷினில் நிற்கும் திருவொற்றியூர்க்காரர் பொன்னேரி, கும்மிடிப்பூண்டியோடு சேர்ந்து வேறு கணக்கில் போய்விடுவார். சென்னை மாவட்டத்தை மட்டும் டவுன்லோட் செய்து வடசென்னை என்று தலைப்புப் போட்டால் பாதி ஊர் விடுபட்டு, தி.நகரும் அடையாறும் உள்ளே வந்துவிடும்.

தொடங்க வேண்டிய இடம் சென்சஸ் இணையதளத்தில் உள்ள பி-28 அட்டவணை. நடை, சைக்கிள், டூவீலர், பஸ், ரயில் என்று ஒவ்வொன்றிலும் எத்தனை பேர், எத்தனை கிலோமீட்டர் போகிறார்கள் என்பது எக்ஸெல்லில் கிடைக்கும். விவசாயம், வீட்டுத்தொழில் செய்பவர்கள் இதில் இல்லை. ஒரு ஆளுக்கு ஒரே வாகனம்தான் பதிவு. ஷேர் ஆட்டோ ஏறி, பிறகு ரயில் பிடிப்பவரின் முழுப் பாதை இதில் தெரியாது. எங்கே போகிறார் என்பதும் தெரியாது, தூரம் மட்டும்தான்.

ஆள்வாரியான மைக்ரோடேட்டா வேண்டுமென்றால் பலரும் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் ஐபம்ஸ் (IPUMS) என்ற தரவுத் தளத்தைச் சொல்வார்கள். பதிவு செய்தால் இலவசம். அமெரிக்க ஃபைல்களில் எந்த வண்டி, எத்தனை நிமிடம் என்பதுவரை இருக்கும். இந்தியாவைத் தேர்ந்தெடுத்தால் வருவது சென்சஸ் அல்ல, தேசிய மாதிரி ஆய்வின் வேலைவாய்ப்புத் தரவு. அதை நம்பிப் பயணக் கேள்வியை வைக்காதீர்கள்.

எனக்குப் பிடித்தது மத்தியப் புள்ளியியல் அமைச்சகம் இலவசமாகத் தரும் 2019 நேரப் பயன்பாட்டு ஆய்வு. ஒரு நாளை அரை அரை மணி நேரமாகப் பிரித்து, யார் என்ன செய்தார்கள் என்று எழுதியிருப்பார்கள். வேலைக்குப் போய் வருவதற்குத் தனிக் குறியீடே உண்டு. எங்கள் பெரியம்மா காசிமேட்டில் மீன் எடுக்க ராத்திரி மூன்று மணிக்குக் கிளம்புவார். அந்த ஆய்வில் நாள் தொடங்குவது அதிகாலை 4 மணிக்கு, முடிவது மறுநாள் 4 மணிக்கு. அவரைப் போன்றவர்களின் பயணம் வரிசையின் கடைசியில் இருக்கும். காலை நேரத்தை மட்டும் வெட்டி எடுத்தால் அவர்கள் காணாமல் போவார்கள். பத்து நிமிடத்துக்குக் குறைந்த நடையும் பதிவாகாது. ஒவ்வொரு வரிக்கும் உள்ள எடையை (அந்த ஆள் எத்தனை பேருக்குப் பதிலாக நிற்கிறார் என்ற எண்ணை) பெருக்காமல் ஆட்களை எண்ணவும் கூடாது. மாதிரி சிறியது என்பதால் தமிழ்நாட்டு நகர்ப்புறம் என்ற அளவில்தான் முடிவு சொல்லலாம், ஒரு பேட்டைக்குச் சொல்ல முடியாது.

2011 எண்களை இன்றைய நிலை என்று எழுதிவிடாதீர்கள். விம்கோ நகர் வரை மெட்ரோ வந்தது 2021 பிப்ரவரியில், சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களுக்கு இலவசப் பயணம் அதே ஆண்டு மே மாதத்தில். பி-28 அட்டவணையில் சென்னை, திருவள்ளூர் இரண்டு மாவட்டங்களின் நகர்ப்புற வரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சைக்கிளையும் நடையையும் முதலில் பாருங்கள்.