மேற்கோளின் எடை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மருமகன் இதயநோய்ப் பிரிவில் டி.எம். முடித்துவிட்டு ஓர் ஆராய்ச்சிப் பணிக்கு விண்ணப்பித்திருக்கிறார். விவரக் குறிப்பில் 'கட்டுரைகள் 22, எச்-இன்டெக்ஸ் 9' என்று எழுதியிருக்கிறார். முப்பது வருடம் கணக்கு வாத்தியாராக இருந்த எனக்கே அந்த 9 எப்படி வந்தது என்று விளங்கவில்லை. கேட்டால், "அதெல்லாம் கம்ப்யூட்டர் போடுகிற கணக்கு, மாமா" என்கிறார்.
(ஓய்வுபெற்ற ஆசிரியர், பாளையங்கோட்டை)

பதில்: கம்ப்யூட்டரே வேண்டாம், துண்டுச் சீட்டு ஒன்று போதும். ஒருவர் எழுதிய கட்டுரைகளை, பிற ஆய்வாளர்கள் தங்கள் கட்டுரைகளில் அவற்றை எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்ற எண்ணிக்கைப்படி, பெரியதிலிருந்து சிறியது வரை வரிசையாக எழுதுங்கள். ஆறு கட்டுரைகளுக்கு 90, 40, 12, 6, 5, 3 என்று வருவதாக வைத்துக்கொள்வோம். ஐந்தாம் இடத்தில் உள்ள கட்டுரைக்கு ஐந்து மேற்கோள் இருக்கிறது; ஆறாம் இடத்தில் உள்ளதற்கு ஆறு வேண்டும், ஆனால் மூன்றுதான் இருக்கிறது. ஆகவே அவருடைய எச்-இன்டெக்ஸ் 5. உங்கள் மருமகனின் கட்டுரைகளில் ஒன்பது, தலா ஒன்பது முறையாவது மேற்கோள் காட்டப்பட்டுள்ளன என்பதே அந்த 9-க்குப் பொருள். படித்து முடித்த கையோடு இருப்பவருக்கு அது குறைவில்லை.

இக்கணக்கை 2005-இல் முன்வைத்தவர் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர். மேலே சொன்ன வரிசையில் முதல் கட்டுரையின் 90-ஐ அடித்துவிட்டு 9,000 என்று எழுதிப் பாருங்கள். விடை அப்போதும் 5-தான். ஒரு துறையையே திருப்பிப்போட்ட கட்டுரையும் ஓரளவு கவனிக்கப்பட்ட கட்டுரையும் இந்தத் தராசில் ஒரே எடை. மேற்கோள்களை எண்ணித்தரும் இணையத் தளங்களில் கூகுள் ஸ்காலரில் பார்த்தால் ஓர் எண்ணும் ஸ்கோபஸில் பார்த்தால் அதைவிடச் சற்றுக் குறைந்த எண்ணும் வருவது வழக்கம் என்பதால், எதில் பார்த்த 9 என்பதையும் குறிப்பில் சேர்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: கேரளத்தில் பிறந்து கனடாவில் பணியாற்றும் இதயநோய் ஆய்வாளர் சலீம் யூசுப் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளை எழுதியிருப்பதாகப் படித்தேன். ஐம்பது ஆண்டு என்று வைத்தாலும் மாதம் ஒன்றுக்கு மேல் வருகிறதே, ஒரு மனிதரால் இது முடிகிற காரியமா? அதில் எத்தனை உருப்படியானவை?
(வாசகி, நாகர்கோவில்)

பதில்: உங்கள் ஐயம் நியாயமானது. 'எழுதினார்' என்ற சொல்தான் இங்கே குழப்புகிறது. கதாசிரியர் கதை எழுதுவது போல ஒருவர் தனியே உட்கார்ந்து எழுதுவதில்லை பெரிய மருத்துவ ஆய்வுக் கட்டுரை. பல நாடுகளின் மருத்துவமனைகளில் நூற்றுக்கணக்கானோர் நோயாளிகளைச் சேர்த்து, ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து, தரவுகளை ஓரிடத்துக்கு அனுப்புவார்கள். அவ்விடத்தில் கேள்வியை வகுத்து, ஆய்வை நடத்தி, முடிவுக்குப் பொறுப்பேற்கும் சிலரின் பெயர்கள் தலைப்பின் கீழ் வரும். யூசுப் கனடாவின் ஹாமில்டன் நகரில், மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தோடு இணைந்த மக்கள்தொகை நல ஆராய்ச்சி நிறுவனத்தைக் கட்டி வளர்த்தவர். அங்கிருந்து கிளம்பிய ஆய்வுகளில் அவர் பெயர் வருவதில் வியப்பில்லை. ஒரே ஆய்விலிருந்து பல கட்டுரைகள் பிறப்பதும் உண்டு. ஆயிரத்தைப் பார்த்து மலைக்கவும் வேண்டாம், முகம் சுளிக்கவும் வேண்டாம்.

அவருடைய எச்-இன்டெக்ஸ் 200-ஐத் தாண்டியது. 2011-இல் உலகிலேயே மிகுதியாக மேற்கோள் காட்டப்பட்ட ஆய்வாளர்களில் இரண்டாமவர் என்று தாம்சன் ராய்ட்டர்ஸ் கணக்கிட்டது. இவற்றை ஓரமாக வைத்துவிட்டு, கட்டுரைகளில் சிலவற்றை மட்டும் கையில் எடுத்துப் பார்ப்போம்.

கொட்டாரக்கரையில் 1952-இல் பிறந்து, பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் மருத்துவம் பயின்று, ரோட்ஸ் உதவித்தொகையில் ஆக்ஸ்ஃபோர்டு சென்றவர் அவர். 1984-இல் ரோரி காலின்ஸ், ரிச்சர்ட் பீட்டோ ஆகியோருடன் சேர்ந்து வெளியிட்ட ஒரு கட்டுரையைத்தான் நான் முதலில் வைப்பேன். அதில் புது மருந்து எதுவும் இல்லை. 'பெரிய, எளிய ஆய்வுகள் நமக்கு ஏன் தேவை?' என்ற கேள்வி மட்டுமே இருக்கிறது. மாரடைப்பு வந்தவர்களில் நூற்றுக்குப் பத்துப்பேர் இறக்கிறார்கள் என்றால், நல்லதொரு மருந்து அதை எட்டாகக் குறைக்கலாம்; பூஜ்யமாக்கிவிடாது. அந்த இரண்டு பேரின் வித்தியாசம் இருநூறு பேரை வைத்து நடத்தும் ஆய்வில் கண்ணுக்குத் தெரியாது, ஆயிரக்கணக்கானோரை வைத்து நடத்தினால்தான் தெரியும்; அத்தனை பேரைச் சேர்க்க வேண்டுமானால் படிவம் சிறியதாகவும் நடைமுறை எளியதாகவும் இருந்தாக வேண்டும். வாதம் இவ்வளவுதான். இன்று கேட்டால் பள்ளிக்கூடப் பாடம் போல இருக்கும். அன்று சில நூறு பேரோடு முடிந்த ஆய்வுகளே மிகுதி.

அந்த வாதத்துக்குக் கிடைத்த பெரிய சான்று, அவர் ஆக்ஸ்ஃபோர்டில் இருந்தபோது தொடங்கிய ஐசிஸ் ஆய்வு வரிசை. (தேம்ஸ் நதிக்கு அவ்வூரில் வழங்கும் பெயர் அது, பிற்காலத்தில் அப்பெயருக்கு நேர்ந்த கதி ஆய்வாளர்களின் பிழையன்று.) அவ்வரிசையின் இரண்டாம் ஆய்வு 1988-இல் லான்செட் இதழில் வந்தது. மாரடைப்போடு வந்த 17,187 பேரில், ஆஸ்பிரின் பெற்றவர்களில் ஐந்து வாரத்துக்குள் இதய, ரத்தநாளக் காரணங்களால் இறந்தவர்கள் 9.4 சதவீதம், பெறாதவர்களில் 11.8 சதவீதம். எந்தெந்தப் பிரிவினருக்குப் பலன் கூடுதல் என்று பிரித்துக் காட்டும்படி கேட்கப்பட்டபோது, ஆய்வாளர்கள் நோயாளிகளை ராசிவாரியாகவும் பிரித்துக் காட்டினார்கள்: மிதுனத்திலும் துலாத்திலும் பிறந்தவர்களுக்கு ஆஸ்பிரினால் பலன் இல்லை, சற்றுக் கெடுதலே என்று வந்தது! ஒரு பெரிய முடிவைத் துண்டு துண்டாக நறுக்கினால் ஏதோவொரு துண்டில் அபத்தம் முளைக்கும் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது. மேற்கத்திய ராசி அது, நம் பஞ்சாங்கத்து ராசி அன்று என்று யாரும் ஆறுதல் கொள்ள வேண்டாம்.

ஹாமில்டனுக்கு வந்தபின் அவர் தலைமையில் நடந்தவற்றில் இரண்டைச் சொல்கிறேன். 2000-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியான ஹோப் ஆய்வில் 9,297 பேர் இருந்தார்கள். ரத்த அழுத்தத்துக்கான ராமிப்ரில் மாத்திரை எடுத்தவர்களில் 14 சதவீதத்தினருக்கு மாரடைப்பு, பக்கவாதம், இதயக் காரண மரணம் ஆகியவற்றில் ஒன்று நேர்ந்தது. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 17.8 சதவீதத்தினருக்கு நேர்ந்தது. அதே ஆய்வில் வைட்டமின் ஈ மாத்திரையும் சோதிக்கப்பட்டது. அதனால் இதயத்துக்கு ஒரு பயனும் இல்லை என்று தெரிந்தது. 'இல்லை' என்ற அந்த விடையும் முழுக் கட்டுரையாகவே அச்சேறியது.

மற்றொன்று 2004-இல் லான்செட்டில் வந்த இன்டர்ஹார்ட். 52 நாடுகளில் முதல் மாரடைப்பு வந்த 15,152 பேரையும், வராத 14,820 பேரையும் ஒப்பிட்டு, புகைபிடித்தல், ரத்தக் கொழுப்பின் சமநிலைக் கேடு, உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், தொப்பை, மன அழுத்தம், காய்கனி குறைந்த உணவு, உடலுழைப்பின்மை, மதுப்பழக்கம் தொடர்பான வேறுபாடு ஆகிய ஒன்பதுமே ஆண்களில் 90, பெண்களில் 94 சதவீத மாரடைப்பு அபாயத்துக்குக் கணக்குச் சொல்லிவிடுகின்றன என்று காட்டியது. அதற்கு முன், பாதி மாரடைப்புக்குத்தான் காரணம் தெரியும் என்ற பேச்சு மருத்துவர்களிடையே சகஜமாக இருந்தது. அதே தரவிலிருந்து 2007-இல் வந்த இன்னொரு கட்டுரை, தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதிலும் பிற நாட்டவருக்கு ஏறத்தாழ 59 வயதிலும் வருவதைக் காட்டியது. நம் பக்கத்து இதயநோய்க் கூட்டங்களில் 'நமக்கு ஆறு வருடம் முன்னதாகவே வருகிறது' என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள்; அந்த ஆறு வருடம் வந்த வழி இது.

கேள்வி: இத்தனை பேர் மேற்கோள் காட்டினால் சொன்னது சரி என்றுதானே அர்த்தம்?
(கல்லூரி மாணவர், சேலம்)

பதில்: இல்லை. மறுத்து எழுதுபவரும் மேற்கோள் காட்டித்தான் மறுக்க முடியும். எண்ணும் இயந்திரத்துக்கு ஆமோதிப்பும் கண்டனமும் ஒன்றே.

யூசுப்பின் பட்டியலிலேயே உதாரணம் இருக்கிறது. பியூர் என்ற மாபெரும் ஆய்வு பல நாட்டு மக்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்கிறது. சென்னையும் பெங்களூரும் அதன் இந்திய மையங்களில் அடங்கும். அதிலிருந்து 2014-இல் வந்த கட்டுரை, நாளொன்றுக்கு 3 முதல் 6 கிராம் சோடியம் உட்கொள்பவர்களுக்கே அபாயம் குறைவு, அதற்குக் கீழே போனாலும் அபாயம் கூடுகிறது என்றது. உலக சுகாதார நிறுவனமோ 2 கிராமுக்குக் குறைவாக, அதாவது உப்பாக 5 கிராமுக்குள், இருக்க வேண்டும் என்கிறது. காலையில் ஒருமுறை எடுத்த சிறுநீரைக் கொண்டு ஒருநாள் உப்பை மதிப்பிடுவது பொருந்தாது என்றும், ஏற்கெனவே நோயுற்றவர்கள் உண்பதே குறைவு என்பதால் காரணமும் விளைவும் இடம் மாறியிருக்கலாம் என்றும் கடும் எதிர்ப்பு வந்தது. அந்த எதிர்ப்புக் கட்டுரைகள் ஒவ்வொன்றும் அவருடைய மேற்கோள் கணக்கில் ஒன்றைக் கூட்டியிருக்கின்றன. இந்த விவகாரத்தில் எனக்கு எதிர்ப்பாளர்கள் பக்கமே நியாயம் மிகுதியாகத் தெரிகிறது.

இதைவிட வேதனையான கதை ஒன்றுண்டு. அறுவை சிகிச்சைக்கு முன், இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் தணிக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை கொடுத்தால் இதயத்துக்குப் பாதுகாப்பு என்று நெதர்லாந்தின் ராட்டர்டாமில் ஒரு குழுவினர் வரிசையாகக் கட்டுரைகள் வெளியிட்டார்கள். அவை ஏராளமாக மேற்கோள் காட்டப்பட்டன. 2009-இல் ஐரோப்பிய இதயநோய்ச் சங்கத்தின் வழிகாட்டு நெறிகளிலும் ஏறின. 2011-இல், ஆய்வு நேர்மையை மீறியதாகக் கூறி அவர்களுடைய மருத்துவ மையமே குழுவின் தலைவரைப் பணிநீக்கம் செய்தது. வேண்டுமென்றே செய்யவில்லை என்று அவர் மறுத்தார். இதற்கு முன்பே, 2008-இல், யூசுப்பின் நிறுவனத்திலிருந்து 8,351 பேரைக் கொண்ட பாய்ஸ் ஆய்வு வந்திருந்தது. அம்மாத்திரை மாரடைப்பைக் குறைத்தாலும், மாத்திரை எடுத்தவர்களில் 3.1 சதவீதமும் எடுக்காதவர்களில் 2.3 சதவீதமும் இறந்தார்கள் என்று அது எச்சரித்திருந்தது.

கேள்வி: இந்த ஆராய்ச்சியெல்லாம் நம் ஊர் நோயாளி வரை வந்து சேர்ந்ததா?
(மருந்துக்கடை நடத்துபவர், திண்டுக்கல்)

பதில்: இந்தக் கேள்வியை யூசுப்பே தம் ஆய்வுக்குப் பொருளாக்கிக்கொண்டார். கொழுப்பு, ரத்த அழுத்த மருந்துகளை ஒன்றாக்கிய 'பாலிபில்' மாத்திரையை 5,713 பேரிடம் சோதித்தார். அவர்களில் பெரும்பாலோர் இந்தியாவையும் பிலிப்பைன்ஸையும் சேர்ந்தவர்கள். ஆஸ்பிரினும் சேர்த்து எடுத்தவர்களிடம் இதயநோய் நிகழ்வுகள் 31 சதவீதம் குறைந்தன. இத்தகைய மாத்திரைகள் 2023-இல் உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் இடம்பெற்றன.

ஆனால் 2011-இல் பியூர் ஆய்விலிருந்து வந்த கட்டுரை ஒன்று, ஏற்கெனவே மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள் வீட்டில் என்ன மாத்திரை எடுக்கிறார்கள் என்று விசாரித்தது. ஏழை நாடுகளில் (அக்கணக்கில் இந்தியாவும் அப்பிரிவில்தான் இருந்தது) 80.2 சதவீதத்தினர் பலன் நிரூபிக்கப்பட்ட மருந்துகளில் ஒன்றைக்கூட எடுக்கவில்லை. ஆஸ்பிரின் உயிர் காக்கும் என்று லான்செட்டில் அச்சாகி அப்போது இருபத்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. உங்கள் கடையில் அதன் விலை என்ன என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.