எல்லா நாய்க்கும் ஒரே பிரஷ் போதுமா?

கேள்வி: வீட்டில் ஒரு லாப்ரடார், ஒரு ஷிட்சூ. ‘எல்லா நாய்களுக்கும் ஏற்றது’ என்று பெட்டியில் போட்டிருந்ததால், பிளேடு வைத்த, முடி உதிர்வைக் குறைக்கும் சீப்பு ஒன்றை வாங்கினேன். லாப்ரடாருக்குக் கொத்துக் கொத்தாக வருகிறது. ஷிட்சூவுக்கோ முடி அறுகிறதே தவிர, சிக்கு போகவில்லை. பேசாமல் கிளிப்பர் வாங்கி இரண்டுக்கும் ஒட்ட வெட்டிவிடலாமா?

பதில்: ஷிட்சூவுக்கு வெட்டலாம். லாப்ரடாரை மட்டும் விட்டுவிடுங்கள். அதற்கு இரண்டு அடுக்கு முடி: மேலே தண்ணீர் ஒட்டாத முரட்டு முடி, உள்ளே பஞ்சு மாதிரி. ஒட்ட வெட்டினால் மேல்முடி பழையபடி வளராமல் திட்டுத் திட்டாக நிற்கலாம், வெயிலும் நேராகத் தோலில் படும். முடி கொட்டுவதும் நிற்காது. நீளமாகக் கொட்டியது குட்டையாகக் கொட்டும், அவ்வளவுதான். அது சோபா துணியில் குத்திக்கொண்டு நிற்கும்போதுதான் கடுப்பு தெரியும்.

நீங்கள் வாங்கிய சீப்பு வீண் இல்லை. லாப்ரடாருக்கு வாரம் ஒருமுறை, அழுத்தாமல் சில இழுப்பு போதும். நிறைய வருகிறதே என்று இழுத்துக்கொண்டே இருந்தால் நல்ல மேல்முடியையும் அறுத்துவிடும். மற்ற நாட்களுக்கு ஒரு ரப்பர் பிரஷ் வைத்துக்கொள்ளுங்கள்.

ஷிட்சூவின் கதை வேறு. அதன் முடி நீண்டுகொண்டே போகும். உதிர்ந்த முடி தரையில் விழாமல் மற்ற முடியோடு பின்னிச் சடையாகிவிடும். இதற்கு மெல்லிய கம்பிகள் நெருக்கமாக வைத்த ஸ்லிக்கர் பிரஷ் ஒன்றும், பாதி அகலப் பல், பாதி நெருக்கப் பல் கொண்ட ஸ்டீல் சீப்பும் வேண்டும். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் ஸ்டீல் சீப்பை வாங்குங்கள், ஏனென்றால் அது பொய் சொல்லாது. பிரஷ் மேலாக வழுக்கிப் போய்விடும், நாமும் சிக்கு இல்லை என்று நினைத்துக்கொள்வோம். முடியை வகிடு பிரித்து, தோல் தெரிய, அடுக்கடுக்காகச் சீவிப் பாருங்கள். காதுக்குப் பின்னால், முன்காலின் அக்குளில், கழுத்துப்பட்டைக்கு அடியில் சீப்பு நின்றுவிடும். சிக்கை எடுக்காமல் குளிப்பாட்டாதீர்கள், காய்ந்ததும் இன்னும் இறுகும். கத்தரிக்கோலும் வேண்டாம். சடைக்குள் தோலும் இழுபட்டு மேலே வந்திருக்கும், வெட்டுப்பட்டுவிடும்.

ஸ்லிக்கர் வாங்கும்போது கம்பி முனையை உங்கள் முன்கையில் லேசாக அழுத்தி இழுத்துப் பாருங்கள். கீறினால் கடையிலேயே வைத்துவிடுங்கள்.

அப்புறம் கிளிப்பர். மனிதர்களுக்கான ட்ரிம்மர் அடர்ந்த முடியில் திணறி, பிடுங்க ஆரம்பித்துவிடும். நாய் கிளிப்பரில் பிளேடு எண் கூடக் கூட முடி குட்டையாக வெட்டும். 10-ஆம் எண் சுமார் 1.5 மில்லிமீட்டர்தான் மிச்சம் வைக்கும். மாற்று பிளேடு தனியாகக் கிடைக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள். ஓடும்போது பிளேடு சூடாகும், அவ்வப்போது உங்கள் மணிக்கட்டில் வைத்துப் பாருங்கள். பத்துப் பொருள் அடங்கிய ‘செட்’ மலிவாகத் தெரியும். அதில் உங்களுக்குப் பயன்படுவது இரண்டோ மூன்றோதான்.

கேள்வி: எங்கள் டெரியருக்குக் கம்பி மாதிரி முடி. கிளிப்பர் போட்ட பிறகு மெத்தென்று ஆகி, நிறமும் மங்கிவிட்டது. கிளிப்பர் கோளாறா?

பதில்: இல்லை, வெட்டியதன் விளைவு. அந்த முரட்டு முடியை, முதிர்ந்ததும் கையால் பிடுங்கி எடுப்பார்கள். அப்போதுதான் புதிதாக முரடாக முளைக்கும். கண்காட்சிக்குப் போகாத நாய் என்றால் மெத்தென்று இருப்பதில் ஒரு நஷ்டமும் இல்லை. பழைய முடிதான் வேண்டுமென்றால், கையால் எடுக்கத் தெரிந்தவரா என்று முதலிலேயே கேட்டுவிட்டு நாயை ஒப்படையுங்கள்.